மேட்டுல நின்னு போற வண்டி

யோவ், பிரேக்கப் புடிய்யா! பாத்தீங்களா தம்பி? மொபட்டுக்காரன் குறுக்க வர்றான், இந்த டிரைவரு இன்னும் ஆக்சிலேட்டர்லயே கால வெச்சிருக்காரு. நானா இருந்தா அங்கயே கால எடுத்திருப்பேன். கோவமெல்லாம் இல்லீங்க. தொழில் அப்படி. இருவத்திரண்டு வருசமா பக்கத்து சீட்டுல உக்காந்து, அடுத்தவங்கள ஓட்ட வெச்சே பொழைக்கறவன் நானு.

நாச்சிமுத்துங்க. திருப்பூர்ல கோகிலவாணி டிரைவிங் ஸ்கூல் பாத்திருப்பீங்களே, வெள்ள வண்டி, மேல மஞ்ச போர்டு, அதுல செவப்புல ‘எல்’லு போட்டிருக்கும். அது நம்முளுதுதான். கோகிலவாணி எம்பொண்ணுங்க. ஒரே பொண்ணு.

சிரிக்காதீங்க. கார் ஸ்கூல்காரன் பஸ்ஸுல எதுக்குப் போறான்னுதான நெனைக்கறீங்க? வண்டி ஒர்க்‌ஷாப்புல கெடக்குது. அவ்வளவுதான். குண்டடத்துல எறங்கோணும். நீங்க பழனி வரைக்குங்களா? அப்ப நான் எறங்கறவரைக்கும் பேச்சுத் தொணையாச்சு. காலையில இருந்து வாயே தொறக்கலீங்க, ஊட்டுல கூட. எஞ்சம்சாரம் என்னைப் பாத்துட்டே இருந்தா, போறீங்களா இல்லையான்னு கேக்கறாப்புல.

அந்த வண்டி கதையச் சொல்றேன் கேளுங்க. ரெண்டாயிரத்து மூணு மாடல். எம்பிஎஃப்ஐ வண்டி. கார்புரேட்டர் கெடையாது. எஞ்சினுக்குள்ள எத்தன காத்து போகுது, அதுக்கு எத்தன பெட்ரோல் பீச்சோணும்னு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் டப்பா கணக்குப் போட்டுச் சொல்லும். தங்கமான வண்டி. ஆயிரம் பேருக்கு மேல அதுல கத்துட்டுப் போயிருக்காங்க.

பொங்கல் முடிஞ்சதுல இருந்து அது நின்னு நின்னு போச்சுங்க. சும்மா ஐடில்ல நிக்கும்போதே குளுரு காச்சல் வந்தவனாட்ட ஒடம்பெல்லாம் நடுங்கும். ஃபர்ஸ்ட் கியர்ல எடுக்கறப்ப ஒரு நொடி யோசிக்கும். போலாமா வேண்டாமான்னு. அப்பறம் ஒரு உதறு, ஆஃப்.

நான் என்ன நெனைச்சிருப்பேன்னு நீங்களே சொல்லுங்க. வண்டி நின்னா ஓட்டறவங்க தப்பு. எங்க தொழில்ல அது சட்டமுங்க. கத்துக்கற வண்டி ஒரு நாளைக்கு நாப்பது தடவ நிக்கும். க்ளட்ச்ச வெடுக்குனு உட்டா நிக்கும், பயந்து ஆக்சிலேட்டர்ல கால எடுத்தா நிக்கும். அந்த நாப்பதோட இன்னொரு பத்து தடவ வண்டிக் கோளாறுல நின்னா, எவனால பிரிச்சுப் பாக்க முடியும்? உங்க கார், என் கார்னா நாமளே ஓட்டறோம், ரெண்டே நாள்ல தெரிஞ்சு போயிரும். ஸ்கூல் வண்டிய நான் எங்கீங்க ஓட்டறேன்? நான் உக்காருறது இடது பக்கம்.

அதனால கத்துவேன். ‘ஏம்மிணி, அது க்ளட்ச்சா செருப்பா? உதறி உதறி உடறீங்க!’ம்பேன். நல்லா வாய் வரும்ங்க எனக்கு. அந்த மூணு நாலு மாசம் எனக்குத் தொண்டையே கட்டிப் போச்சு. இந்த வருசம் வந்து சேர்ந்ததெல்லாம் ஒண்ணுந்தெரியாத மசையனுங்கன்னு ஊட்டுல வந்து சொல்லுவேன்.

நம்ம மேல ஒருத்தன் பாரபட்சம் சொல்ல முடியாதுங்க. பெத்த பொண்ணையே வண்டிய உட்டு எறக்கி உட்டவன் நானு. மாசி மாசத்துல கோகிலா கத்துக்கறதுக்குன்னு பதினஞ்சு நாள் லீவு போட்டுட்டு, கைக்கொழந்தையோட வந்தா. மாப்ள கார் ஒண்ணு ஷெட்டுல சும்மா நிக்குது, இவ டீச்சர் வேலைக்கு ரெண்டு பஸ் மாறி தாராபுரத்துக்கு அக்கட்டால போறா. ஓட்டக் கத்துட்டா கொழந்தையோட சித்த நேரம் கூட இருக்கலாமுன்னு ஆசை. ரயில்வே பாலத்து மேட்டுல பதினோரு தடவ நிறுத்துனா. பதினோரு தடவ! பின்னால ஸ்டூடண்ட்டுங்க ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க, பொண்ணுன்னு நான் விட்டுக் குடுத்தா அவங்க என்ன நெனைப்பாங்க? ‘உனக்கு வராது, எறங்கு’ன்னு எறக்கி விட்டுட்டேன். அந்த மாதிரி ஆளுங்க நானு.

ஆமாங்க, அதுக்கென்ன. அன்னைக்கு சாயங்காலம் பொழுதோட கொழந்தையத் தூக்கிட்டு பஸ் ஏறிட்டா. அது வேற கதை.

வண்டிக்கு ஒண்ணுமே பண்ணாம இருந்தேன்னு நெனைச்சுக்காதீங்க. பானட்டத் தொறந்து ஐடில் ஸ்க்ரூவ நானே திருப்பி ஏத்தி வெச்சேன். கார்புரேட்டர் காலத்துல இருந்து அதானுங்க வைத்தியம், வண்டி நின்னா ஸ்க்ரூவ ஒரு சுத்து. அப்பறம் டேஷ்போர்டுல எஞ்சின் படம் போட்டு மஞ்சளா ஒரு லைட்டு எரியுமே, அது மாசியில இருந்தே எரிஞ்சுட்டு இருந்துச்சு. ஸ்டூடண்ட்டுங்க ரோட்டப் பாக்காம அதையே பாக்கறாங்க. ‘சார், லைட்டு எரியுது, சார், லைட்டு எரியுது.’ சிவன்மலையில வாங்குன முருகர் ஸ்டிக்கர் ஒண்ணு இருந்துச்சு, அத எடுத்து அது மேல ஒட்டிட்டேன். எல்லாரும் ரோட்டப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க.

இந்த நேரத்துலதான் துளசிமணி வந்து சேர்ந்துச்சு.

பனியன் கம்பெனி டெய்லருங்க. முப்பத்தாறு முப்பத்தேழு வயசிருக்கும். புருசன் இல்ல, ரெண்டு பொட்டப்புள்ளைங்க. பதினெட்டு வருசமா பவர் மெசின் மிதிச்சு, பஞ்சுத்தூசி நெஞ்சுல எறங்கிருச்சு. நாலு படி ஏறுனா நாய் ஓடி வந்தாப்புல மூச்சு வாங்கும். டாக்டர் சொல்லிட்டாராம், இன்னும் ஒரு வருசம் அந்தத் தூசிக்குள்ள உக்காந்தா அப்பறம் தன்னால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு. கம்பெனியில பொம்பளைங்களக் கூட்டிட்டு வர்றதுக்கு ஒரு சின்ன வேன் வாங்கியிருக்காங்க. மேனேஜர் சொல்லியிருக்காரு, ‘முப்பதாந்தேதிக்குள்ள லைசென்ஸ் கொண்டாந்து காட்டு, டிரைவர் வேலை உனக்கு. இல்லைன்னா வேற ஆளப் போட்டுருவேன்’னு. அந்தப் புள்ளைக்கு அது வேலை மட்டுமில்லீங்க, மூச்சு.

கேட்டதும் எனக்கே நெஞ்சு எளகிருச்சு. ‘கவலைப்படாத அம்மிணி, நாச்சிமுத்துகிட்ட வந்துட்டீல்ல’ன்னு சொன்னேன். என் ஸ்கூல்ல ஃபெயிலே கெடையாதுங்க. கேட்டுப் பாருங்க யாரைய வேணா.

அதென்னமோ ஸ்டியரிங் நல்லாப் புடிச்சுது. ரிவர்ஸ் எல்லாம் நூலு புடிச்சாப்புல எடுக்கும். ஆனா வண்டி நிக்கும். மேட்டுல நிக்கும், சிக்னல்ல நிக்கும். நான் கத்துவேன். அது மறுபடியும் சாவியத் திருப்பும்.

இருவத்திரண்டாந்தேதி டெஸ்ட்டு. கிரவுண்டுல பிரேக் இன்ஸ்பெக்டர் அம்மா வந்து பின்னால உக்காந்துட்டாங்க. கண்டிப்பான அம்மா, ஒரு வார்த்த வீணாப் பேச மாட்டாங்க. முன்னால போறது, ரிவர்ஸு, எல்லாம் ஜோரா முடிஞ்சுது. கடைசியா சிமெண்ட்டு மேடு. பாதி மேட்டுல நிறுத்தி, பின்னால உருளாம எடுக்கோணும்.

நிறுத்துச்சு. ‘எடும்மா’ன்னாங்க. க்ளட்ச்ச மெதுவாத்தான் உட்டுச்சு, பாத்துட்டுத்தான் இருந்தேன். வண்டி நடுங்கி ஆஃப். ரெண்டாந்தடவ, ஆஃப்.  வண்டி பின்னால உருண்டு அந்தம்மா தலை இடிச்சுக்கிட்டா என் ஸ்கூல் பேரு என்னாகறது? எனக்கும் பக்கத்துல க்ளட்ச்சு, பிரேக்கு ரெண்டும் உண்டுங்களே, ஒரு பாதுகாப்புக்கு பிரேக்குல லேசாக் கால வெச்சுக்கிட்டேன். மூணாந்தடவ, ஆஃப்.

‘அடுத்த வாரம் வாங்க’ன்னு சொல்லிட்டு எறங்கிப் போயிட்டாங்க.

அடுத்த வாரம்னா இருவத்தொம்பது. முப்பதாந்தேதி கெடு. நடுவுல ஏழு நாள் இருந்தே ஆகோணும், அதுக்கு முன்னால எவரும் டெஸ்ட்டு வெக்க மாட்டாங்க.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆத்தரம். கிரவுண்டுல நாலு ஸ்கூல்காரனுங்க நின்னு வேடிக்க பாக்கறானுங்க. ‘ஒன்றரை மாசம் என் தொண்டத்தண்ணி வத்துனதுதான் மிச்சம். மெசின் மிதிச்ச காலுக்குக் கார் எதுக்கு?’ன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக்கூடாதுங்க. கேட்டுட்டேன்.

அது திரும்பி என்னைப் பாத்துச்சு. ‘வண்டி செரியில்லீங்க சார்’னுச்சு.

இருவத்திரண்டு வருசத்துல அந்த வார்த்தைய எங்கிட்ட எவரும் சொன்னதில்லீங்க. ஓட்டத் தெரியாதவங்க சொல்ற முதல் சாக்கு அதுதான், ஆனா எங்கிட்ட சொல்ற தைரியம் வராது. ‘என்ன கண்டுட்ட நீ வண்டியப் பத்தி?’ன்னேன். ‘மெசின் செரியில்லைன்னா காலுக்குத் தெரியுமுங்க சார்’னுச்சு. சொல்லும்போதே மூச்சு இழுக்க ஆரம்பிச்சிருச்சு. செவுத்துப் பக்கம் திரும்பி நின்னு, மூச்சுக்கு அடிக்கற மருந்த எடுத்து ரெண்டு தடவ அடிச்சுக்கிச்சு. நான் அந்தப்பக்கம் பாத்துட்டேன்.

அது சொன்னதுக்காக இல்லீங்க, அதோட வாய அடைக்கோணும்னுதான் வண்டிய யூசுப் பாய்கிட்ட கொண்டு போனேன். யூசுப் பழைய கூட்டாளி, தொழில்காரன். சிரிக்கக்கூடாத எடத்துல சிரிப்பான், அது ஒண்ணுதான் கெட்ட பழக்கம். ஏறி உக்காந்தவன் முருகரப் பாத்தான். நகத்துல சொரண்டி எடுத்தான். லைட்டு மஞ்சளா எரியுது. ‘நாச்சி, இது எப்ப இருந்து?’ன்னான். ‘ஞாபகமில்ல’ன்னேன். ‘முருகருக்கு ஞாபகம் இருக்கும்’ன்னு சிரிச்சான்.

ஸ்கேனர மாட்டிப் பாத்தான். எஞ்சினுக்குள்ள கணக்குக்கு மீறிக் காத்து போகுது, பெட்ரோல் பத்தலைன்னு காட்டுச்சாம். எங்கியோ காத்து ஒழுகுது. மொதல் காரியமா நான் ஏத்தி வெச்ச ஸ்க்ரூவப் பழையபடி எறக்குனான். ‘இது கார்புரேட்டர் இல்லப்பா. நீ ஸ்க்ரூவத் திருப்புனதுல, ஆக்சிலேட்டர்ல இருந்து கால் எடுத்துட்டாங்களா இல்லையான்னே டப்பாவுக்குத் தெரியாமப் போச்சு, எடுக்கறப்ப அதான் முழிக்குது’ன்னான். அப்பறம் பிளக்கு மாத்துனான், த்ராட்டில சுத்தம் பண்ணுனான், பெட்ரோல் பம்பு பிரஷர் பாத்தான். ரப்பர் ஹோஸு ஒவ்வொண்ணு மேலயும் ஸ்பிரே அடிச்சு, எங்கியாச்சும் ஒழுக்கு இருக்குதான்னு காது வெச்சுக் கேட்டான். எங்கியும் இல்ல. எஞ்சின் நடுங்காம பதுசா ஓடுது, பூனைக்குட்டியாட்டம்.

ரெண்டு நாள் போச்சு. செரியாப் போச்சுன்னு ரோட்டுக்கு எடுத்துட்டு வந்தா, துளசிமணி எடுக்கறப்ப மறுபடியும் அதே நடுக்கம், அதே ஆஃப். திருப்பிக் கொண்டு போனா அங்க பதுசா ஓடுது. ரோட்டுல குலுங்குது. ஒர்க்‌ஷாப்புல பூனைக்குட்டி. எனக்குப் பைத்தியமே புடிச்சாப்புல ஆயிருச்சு. ‘பாத்தியா யூசுப், வண்டியில ஒண்ணுமில்ல, அந்தப் புள்ள உக்காந்தாத்தான் நிக்குது’ன்னேன். யூசுப்பும் தலையச் சொறிஞ்சான். எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம், பொய் சொல்ல மாட்டேன். நான் சொன்னதுதான செரியாப் போச்சு?

அய்யோ, கொஞ்சம் மெதுவாய்யா! அவிநாசிபாளையம் வளைவுல இத்தன வெசையா எவனாச்சும் திருப்புவானா?

இருவத்தஞ்சு, இருவத்தாறு, இருவத்தேழு. நாள் ஒவ்வொண்ணா ஓடுது. அந்தப் புள்ள டெய்லி அரை நாள் பர்மிஷன் போட்டுட்டு வரும். முகம் கறுத்துப் போச்சு. ‘முடியலைன்னா சொல்லிருங்க சார், நான் மேனேஜர்கிட்ட வேண்டாமுன்னு சொல்லிடறேன்’னுச்சு. ‘சொல்லிரு’ன்னு சொல்ல வாய் வந்துச்சுங்க எனக்கு. சொல்லல.

இருவத்தேழாந்தேதி மத்தியானம். ரயில்வே பாலத்து மேடு, அதே மேடு. நாலு தடவ நின்னுருச்சு. அஞ்சாந்தடவைக்கு சாவியத் திருப்பிட்டு, அது எடுக்கவே இல்ல. ரோட்டையும் பாக்கல. குனிஞ்சு என் காலையே பாத்துட்டு இருக்குது. ‘என்ன அங்க பாக்கறே?’ன்னேன்.

‘நீங்க கால் வெக்கறப்பத்தான் சார் நடுங்குது.’

‘என்ன?’

‘உங்க பிரேக்குல நீங்க கால் வெக்கறப்பத்தான் வண்டி நடுங்குது. எடுத்தா நடுக்கம் போயிருது. எங்க லைன்ல புதுசா வர்ற புள்ளைங்க பெடல்ல இருந்து கால எடுக்காதுங்க, ஊசி எறங்குமோன்னு பயந்து லேசா மிதிச்சுட்டே இருக்கும். நூல் அந்துட்டே இருக்கும். மெசின மாத்துவாங்க, ஊசிய மாத்துவாங்க, யாரும் காலப் பாக்க மாட்டாங்க.’

என்னையப் புது டெய்லர்ங்குது!  எறங்குன்னு சொல்லிட்டேன். கதவத் தொறந்து எறங்கு, இன்னைக்கோட முடிஞ்சுதுன்னு. அது எறங்கல. ஸ்டியரிங்கப் புடிச்சுட்டு, ‘நான் எறங்க மாட்டேன் சார். எனக்கு ரெண்டு நாள்தான் இருக்குது. யூசுப் பாய்கிட்டப் போலாம்’னுச்சு. கத்தல, அழுகல. எறங்கல, அவ்வளவுதான்.

போனோம். யூசுப் பானட்டத் தொறந்து வெச்சுட்டு, ‘நாச்சி, நீ ஏறி உன் எடத்துல உக்காரு’ன்னான். உக்காந்தேன். ‘பிரேக்க அமுக்கு.’ அமுக்குனேன். உள்ள இருந்து ‘ஸ்ஸ்ஸ்’னு ஒரு சத்தம், பாம்பு சீறறாப்புல. எஞ்சின் கடகடன்னு நடுங்குச்சு. ‘எடு.’ எடுத்தேன். பூனைக்குட்டி. ‘அமுக்கு.’ ஸ்ஸ்ஸ், நடுக்கம். ‘எடு.’ பூனைக்குட்டி. யூசுப் சிரிக்கலீங்க. அவன் சிரிச்சிருந்தாக் கூடப் பரவால்ல.

பிரேக் பெடலுக்குப் பின்னால பூஸ்டர்னு சோத்துச்சட்டி அளவுக்கு ஒரு இரும்பு டப்பா இருக்குதுங்க. பிரேக்க லேசா அமுக்குனாலே புடிக்கறதுக்கு எஞ்சின்ல இருந்து காத்த உறிஞ்சி வேலை பாக்கும். அதுக்குள்ள ஒரு ரப்பர் தகடு, அது கிழிஞ்சிருக்குது. பிரேக்க அமுக்குனா வெளிக்காத்து அந்தக் கிழிசல் வழியா நேரா எஞ்சினுக்குள்ள போயிருது. கால எடுத்தா அடைஞ்சுக்குது. பிரேக்கு கொஞ்ச நாளாக் கல்லாட்டந்தான் இருந்துச்சு, நான் புது பிரேக் பேடு போட்டதாலன்னு நெனைச்சுக்கிட்டேன். ஒர்க்‌ஷாப்புல எவனும் பிரேக்க மிதிச்சுட்டு எஞ்சினப் பாக்க மாட்டான், அதனாலதான் அங்க பதுசா ஓடியிருக்குது.

புது பூஸ்டர் கோயமுத்தூர்ல இருந்து வரோணும். முப்பதாந்தேதி பொழுதோடதான் கெடைக்குமுன்னுட்டாங்க. டெஸ்ட்டு இருவத்தொம்பது காலையில. வேற ஸ்கூல் வண்டி கேக்கலாமுன்னு யூசுப் சொன்னான். கேட்டேங்க. மானத்த உட்டு ரெண்டு பேருகிட்டக் கேட்டேன். அன்னைக்கு எல்லாத்துக்கும் டெஸ்ட்டு, வண்டி இல்லைன்னுட்டாங்க.

யூசுப் துளசிமணியக் கூப்புட்டுச் சொன்னான்: ‘கிரவுண்டுக்கு வண்டியக் கட்டி இழுத்துட்டு வந்து உட்டர்றேன். உள்ள நடக்கற வேகந்தான், பிரேக்கு புடிக்கும், பயமில்ல. நிறுத்தறப்ப க்ளட்ச்ச முழுசா அமுக்கிட்டு, ஆக்சிலேட்டருக்கு உசுரு குடுத்துக்கோ. மேட்டுல கால் பிரேக்குல நிக்காத, கை பிரேக்கப் போட்டு நில்லு. கை பிரேக்குக்கும் பூஸ்டருக்கும் சம்பந்தமில்ல.’ அது தலையாட்டுச்சு. ஒரே ஒரு கேள்வி கேட்டுச்சு. ‘சார் கால்?’

யூசுப் என்னைப் பாத்தான். நான் யூசுப்பப் பாத்தேன்.

இருவத்தொம்பதாந்தேதி இன்ஸ்பெக்டர் அம்மா பின்னால ஏறி உக்காந்ததும், துளசிமணி எங்கிட்ட மெதுவாச் சொல்லுச்சு, ‘சார், காலத் தூக்கி சீட்டு மேல வெச்சுக்கோங்க.’ நானும் பெரிய மனசு பண்ணி, செருப்பக் கழட்டிட்டு, சம்மணம் போட்டு உக்காந்துட்டேன். காருக்குள்ள! கல்யாணப் பந்தியில உக்காந்தாப்புல! வெளிய நின்ன ஸ்கூல்காரனுங்க சிரிச்சது எனக்குக் கேட்டுச்சு. அந்தம்மா பின்னால இருந்து, ‘என்ன சார், ஒடம்பு செரியில்லையா?’ன்னாங்க. ‘மூட்டு வலிங்க மேடம்’னு சொன்னேன்.

தம்பி, அந்தப் பத்து நிமிசம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். கால் ரெண்டும் துடிக்குது. முன்னால போறப்ப துடிக்குது, ரிவர்ஸுல குச்சிக்கிட்ட போறப்ப துடிக்குது. ரெண்டு கையாலயும் முழங்காலப் புடிச்சு அமுக்கிட்டு உக்காந்திருக்கேன். வண்டி நிக்கவே இல்ல. ஒரு தடவ கூட.

மேடு வந்துச்சு. பாதியில நிறுத்தி, கை பிரேக்கப் போட்டுச்சு. அந்தப் புள்ளையோட மூச்சு விசில் அடிக்கறது எனக்குக் கேக்குது. ‘எடும்மா.’ க்ளட்ச்ச எடுத்துச்சு, கை பிரேக்க எறக்குச்சு, வண்டி பின்னால ஒரு அரை அடி... என் உசுரே போயிருச்சுங்க. கால் எறங்கல, ஆனா கை போயிருச்சு கை பிரேக்குக்கு. அதோட கை மேலயே என் கை.

‘கைய எடுங்க சார்’னுச்சு. ரோட்டப் பாத்துட்டே.

எடுத்தேன்.

வண்டி ஏறுச்சு. அந்தச் சிமெண்ட்டு மேட்டுல, அந்த ஓட்ட வண்டி, எண்ணெய் தடவுனாப்புல ஏறி, உச்சிக்குப் போயி, அந்தப்பக்கம் எறங்குச்சு.

பாஸுங்க. மறுநாள் கெடு முடியறதுக்குள்ள மேனேஜர் கையில காயிதம் போயிருச்சு. இப்ப அந்தப் புள்ள வேன் ஓட்டுது. முந்தாநேத்து பாத்தேன், ஜன்னல்ல கைய வெச்சுட்டு ராசாத்தியாட்டம் போகுது. எப்படி? சொன்னன்ல, என் ஸ்கூல்ல ஃபெயிலே கெடையாது.

நன்றி சொல்லுச்சான்னு கேக்கறீங்களா? சொல்லல. எறங்குறப்ப ஒண்ணு கேட்டுச்சு. ‘பொங்கல்ல இருந்து என்னாட்ட எத்தன பேருங்க சார்?’ன்னு. கோவமாக் கேக்கல. லைன்ல எத்தன பீஸ் கெட்டுப் போச்சுன்னு சூப்பர்வைசர்கிட்டக் கேக்கறாப்புல கேட்டுச்சு. முப்பது பேரு இருப்பாங்க. அதுல பாதிப் பேரு நடுவுலயே நின்னுட்டாங்க, வராதுன்னு. ஆனா எனக்கு நெனைப்புக்கு வந்தது ஒரே ஆள்தான். 

‘வண்டி செரியில்ல’ன்னு எங்கிட்ட எவரும் சொன்னதில்லைன்னு சொன்னன்ல? அது பொய்யுங்க தம்பி. ஒருத்தி சொல்லியிருக்கறா. பதினோராந்தடவ நின்னப்ப, ‘அப்பா, வண்டி என்னமோ பண்ணுதுப்பா’ன்னு சொன்னா. நான் பின்னால இருந்த ஸ்டூடண்ட்டுங்களத் திரும்பிப் பாத்து, ‘கேட்டீங்களா, பேரு போர்டுல இருக்குது, தலைக்குள்ள ஒண்ணுமில்ல’ன்னு சொல்லிச் சிரிச்சேன். அவங்களும் சிரிச்சாங்க. வெயில்ல, பாலத்து மேல, கதவத் தொறந்து எறங்கி நடந்தா. ஊடு வரைக்கும் ரெண்டு மைலு. நானும் அவ பக்கத்துலதான் வண்டியில போனேன், கண்ணாடிய ஏத்திட்டு.

மூணு மாசமாச்சு. அவங்கம்மாகிட்டப் பேசுவா. நான் ஃபோன கையில வாங்குனா லைன் இருக்காது. இன்னமும் ரெண்டு பஸ் மாறித்தான் போறா. மாப்ள ஓட்டக் கத்துத் தர்றேன்னாராம், ‘எனக்கு வராது’ன்னுட்டாளாம். என் வார்த்தைய அப்படியே சொல்றா பாருங்க.

வண்டி ஒர்க்‌ஷாப்புல இல்லீங்க. பூஸ்டர் மாத்தி இருவது நாளாச்சு, ஜம்முனு ஓடுது. எடுத்துட்டுத்தான் வரலாமுன்னு இருந்தேன். மேல போர்டுல அவ பேரு. அத அவ வாசல்ல கொண்டு போயி எப்படி நிறுத்தறது?

போயி சொல்லிருவேன். ‘பூஸ்டர் ரப்பர் கிழிஞ்சிருந்துச்சு கண்ணு, அதான் நின்னுச்சு, உம்மேல தப்பில்ல’ன்னு. அது போதாதுங்களா? ரப்பர்னா அவளுக்குப் புரியும், படிச்ச புள்ள. காலப் பத்தியெல்லாம் எதுக்கு? ரப்பர் கிழிஞ்சது நெசந்தான? நான் கால் வெச்சது அவ மேல இருந்த பயத்துல தானுங்க, அவளுக்கு ஒண்ணு ஆயிரக்கூடாதுன்னுதான...

குண்டடம் வந்தாச்சா? அதா, போர்டு தெரியுது. பைய எடுத்துக்கறேன்.

என்னங்க தம்பி கீழ பாக்கறீங்க? ஏதாச்சும் உழுந்துருச்சா?

அட.

எப்ப இருந்துங்க? நான் ஏறுனதுல இருந்தா? முன் சீட்டுக்குக் கீழ இருக்கற இந்தக் கம்பிய, பிரேக்காட்டம், இப்படியேவா மிதிச்சுட்டு வந்தேன், இத்தன தூரமும்? செருப்புத் தடம் பதிஞ்சு கெடக்குது பாருங்க.

சொல்லோணும். காலப் பத்தித்தான் மொதல்ல சொல்லோணும்.

சித்த வழி உடுங்க தம்பி, எறங்கறேன்.